கூடாரத்தில் மூன்று இரவுகள்: அல்கொன்குயின் ஏரிக்காட்டில் கண்டதும் கேட்டதும்

முல்லைத்தீவில் இருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசியில் விடயத்தைச் சொன்னபோது அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "காசு குடுத்தே கூடாரத்துக்கை படுக்கப் போறியள்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. 2009இல் மெனிக் பாமில் ஒரே கூடாரத்துக்குள் பதினொரு பேர் படுத்தோம். அதன் பிறகு நான் கூடாரம் ஒன்றுக்குள் படுத்ததில்லை. உறவினரைப் பார்ப்பதற்காக ரொறன்ரோ போயிருந்த இடத்தில், சித்தப்பாவின் மகன் மூன்று இரவுகளுக்கு அல்கொன்குயின் பூங்காவில் இடம் பதிவுசெய்து வைத்திருந்தான். அவனுக்கு ஆறு வயதிலேயே கனடா. ஏரி, கனூ, கூடாரம் எல்லாம் அவனுக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே பழக்கம். அவனது ஆசை வேறொன்று. முல்லைத்தீவில் கடலிலும் நந்திக்கடலிலும் தொழில் செய்த தகப்பன், 1999இல் நாட்டைவிட்டு வந்த நாளிலிருந்து சவள் பிடித்ததில்லை. ஸ்காபரோவில் ஒரு களஞ்சியசாலையில் பெட்டி தூக்கியே ஓய்வுபெற்றுவிட்டார். அவரை ஒருமுறை தண்ணீரில் இறக்கிப் பார்க்கவேண்டும் என்று தம்பிக்கு ஆசை.

இந்தக் கட்டுரை ஒரு பயணக் குறிப்பு. புலம்பெயர்ந்த உறவுகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கும், அங்கேயே வாழ்ந்தும் இன்னும் வடக்கே போகாதவர்களுக்கும் பயன்படும் தகவல்களைத் தந்திருக்கிறேன். கூடவே, அந்தக் காட்டில் சித்தப்பா கேட்ட ஒரு கேள்வியையும் எழுதியாக வேண்டும்.

எங்கே இருக்கிறது?

அல்கொன்குயின் மாகாணப் பூங்கா ஒன்ராறியோவில், ரொறன்ரோவுக்கு வடக்கே ஏறத்தாழ மூன்று மணித்தியாலக் கார்ப் பயணத்தில் இருக்கிறது. 1893இல் உருவாக்கப்பட்ட இதுவே ஒன்ராறியோவின் முதலாவது மாகாணப் பூங்கா. பரப்பளவு 7,600 சதுர கிலோமீற்றருக்கும் அதிகம். எங்கள் வடமாகாணம் முழுவதையும் எடுத்தால் அதைவிடக் கொஞ்சம்தான் பெரியது என்று சொன்னால் அளவு விளங்கும். அதற்குள் 2,400க்கும் மேற்பட்ட ஏரிகள். பனிப்பாறைகள் நகர்ந்து கரைந்தபோது பாறையில் விட்டுச்சென்ற பள்ளங்களே இன்று ஏரிகளாக இருக்கின்றன.

பூங்காவின் தெற்குப் பகுதியை ஊடறுத்து 60ஆம் இலக்க நெடுஞ்சாலை 56 கிலோமீற்றர் ஓடுகிறது. செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபர் தொடக்கத்திலும் மேப்பிள் இலை சிவக்கும்போது எங்கள் சனம் வான் பிடித்து வந்து படமெடுத்துக்கொண்டு போவது இந்தச் சாலை ஓரத்தில்தான். ஆனால் அது காட்டின் வாசல் மட்டுமே. உள்ளே போக வீதி கிடையாது. ஏரிகளையும் ஆறுகளையும் இணைத்துச் சுமார் 2,000 கிலோமீற்றர் நீளமான கனூப் பாதைகள் இருக்கின்றன. துடுப்புப் போட்டுத்தான் போகவேண்டும். உள் ஏரிகளில் பெரும்பாலானவற்றில் இயந்திரப் படகுக்கு அனுமதியில்லை.

"இதுக்கும் பாஸா?"

உள்ளே தங்குவதற்கு அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும். ஐந்து மாதங்களுக்கு முன்பிருந்தே இணையத்தில் பதிவுசெய்யலாம். ஆளுக்கும் இரவுக்கும் கணக்குப் பார்த்துக் கட்டணம். எந்த இரவு எந்த ஏரியில் தங்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லவேண்டும். ஒவ்வோர் ஏரியிலும் எத்தனை கூடார இடங்கள் இருக்கின்றனவோ அத்தனை குழுக்களுக்குத்தான் அனுமதி. ஓர் இடத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்கமுடியாது. ஜூலை, ஓகஸ்ட் வார இறுதிகளுக்கு இடம் வேண்டுமானால் முந்திக்கொள்ள வேண்டும். நாங்கள் போனது செப்டெம்பர் முதல் வாரம், அதுவும் கிழமை நாட்களில். கூட்டமும் இல்லை, நுளம்பும் இல்லை. மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் கடைசிவரை கறுப்பு ஈக்கள் இரத்தம் உறிஞ்சும். அதற்குப் பின்னால் நுளம்பு. முதற்தடவை போகிறவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

அலுவலகத்தில் அனுமதிப்பத்திரத்தை வாங்கி வாசித்துப் பார்த்த சித்தப்பா, "என்ன பிள்ளை, இதுக்கும் பாஸா?" என்று கேட்டார். கடலுக்குப் போகப் பாஸ், ஊர்விட்டு ஊர் போகப் பாஸ் என்று வாழ்ந்த மனிதர். தம்பி சிரித்தான். நான் சிரிக்கவில்லை. சித்தப்பா அந்தத் தாளை நான்காக மடித்துத் தன் அடையாள அட்டையோடு சேர்த்துச் சேர்ட் பையில் வைத்துப் பொத்தானைப் பூட்டினார். மூன்று நாளும் அது அங்கேயே இருந்தது.

மீன்பிடிக்கான அனுமதி வேறு. ஒன்ராறியோவில் 18 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் தூண்டில் போடுவதற்குக் கட்டணம் செலுத்தி அனுமதி பெறவேண்டும். கனடாவில் வசிப்பவர்களில் 18 முதல் 64 வயதுவரை உள்ளவர்களுக்கும் அப்படியே. 65 வயதைக் கடந்தவர்கள் பிறந்த திகதியைக் காட்டும் அரச அடையாள அட்டையை வைத்திருந்தால் போதும். சித்தப்பாவுக்கு 66. "உங்களுக்கு லைசன்ஸ் தேவையில்லை அப்பா" என்று தம்பி சொன்னதை அவர் நம்பவில்லை. திரும்ப அலுவலகத்துக்குப் போய், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் தானே கேட்டு உறுதிப்படுத்திய பிறகுதான் வந்தார்.

என்ன கொண்டுபோவது, என்ன கொண்டுபோகக் கூடாது?

இந்தப் பூங்காவின் உட்பகுதிக்குள் தகரப் பேணிகளும் போத்தல்களும் கொண்டுபோவது தடை. முன்பு வந்தவர்கள் காடெங்கும் வீசிவிட்டுப் போன குப்பையால் வந்த விதி இது. சித்தப்பா கொண்டுவந்த ஆறு டின்மீன்களும் காரிலேயே கிடந்தன. "டின்மீன் இல்லாமல் என்ன பயணம்?" என்று அவர் முணுமுணுத்தது வழி முழுக்கக் கேட்டது. அரிசி, பருப்பு, மா, வறுத்த மிளகாய்த்தூள், வெங்காயம், தேசிக்காய் கொண்டுபோனோம். கருவாட்டைத் தம்பி தடுத்துவிட்டான். காரணம் கரடி.

அங்கிருப்பது கறுப்புக் கரடி. வன்னிக் காட்டுக் கரடியைப்போல ஆளைக் கண்டதும் பாய்கிற இனமல்ல. பெரும்பாலும் ஒதுங்கிப் போய்விடும். ஆனால் சாப்பாட்டு மணம் பிடித்தால் கூடாரத்துக்கு வரும். அதனால் சாப்பாடு, பற்பசை, சவர்க்காரம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, கூடாரத்திலிருந்து தள்ளி, உயரமான கிளையில் கயிற்றால் கட்டித் தொங்கவிடவேண்டும். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கற்கூட வைக்கக்கூடாது.

குடிதண்ணீர் ஏரியிலிருந்துதான். பார்வைக்குக் கண்ணாடிபோல இருந்தாலும் வடிகட்டியோ கொதிக்கவைத்தோ குடிக்கவேண்டும். இல்லாவிட்டால் வயிற்றோட்டம் வரும். கைத்தொலைபேசிக்கு உள்ளே பெரும்பாலும் சமிக்ஞை கிடைக்காது. வரைபடம் தாளில் இருக்கவேண்டும். எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போகவேண்டும். மிதவை அங்கி ஆளுக்கொன்று படகில் இருக்கவேண்டும் என்பது கனடாச் சட்டம். நான் சொல்வது அதை உடம்பில் போட்டிருக்க வேண்டும் என்று. நீச்சல் தெரிந்தவரையும் அந்தக் குளிர்ந்த நீர் சில நிமிடங்களில் செயலிழக்கச் செய்துவிடும்.

வள்ளமும் கனூவும்

நெடுஞ்சாலையின் 14ஆம் கிலோமீற்றரில் இருக்கும் கனூ ஏரியிலிருந்து புறப்பட்டோம். பெயரைப் போலவே, பூங்காவில் அதிகம் பேர் பயணத்தைத் தொடங்கும் இடம் அது. கனடாவின் புகழ்பெற்ற ஓவியர் ரொம் தொம்சன் 1917 ஜூலையில் இறந்துபோனதும் இந்த ஏரியில்தான். 1912இல் முதன்முதல் வந்தவர், பிறகு இங்கே வழிகாட்டியாகவும் வேலைசெய்து, இந்தக் காட்டையே வரைந்துகொண்டிருந்தார். அவர் எப்படி இறந்தார் என்று இன்றுவரை கனடாக்காரர் விவாதிக்கிறார்கள். 1930இல் கட்டிய நினைவுக் கற்குவியல் கரையில் இருக்கிறது.

கனூவில் ஏறிய முதல் பத்து நிமிடமும் சித்தப்பாவுக்குக் கோபம். "இது என்ன, வாழைமட்டை மாதிரி ஆடுது." எங்கள் தோணியைவிட அகலம் குறைவு. எடை இருபது கிலோவுக்குள். எழுந்து நின்றால் கவிழும். முழங்காலில் அல்லது இருக்கையில் இருந்தபடியே, ஒற்றை இலைத் துடுப்பால் வலிக்கவேண்டும். பின்னால் இருப்பவர்தான் திசை பார்ப்பவர். முதலில் தம்பி பின்னால் இருந்தான். அரை மணித்தியாலத்தில் சித்தப்பா இடம் மாறச் சொன்னார். அதன்பிறகு கனூ நேராகப் போனது.

இவ்வளவு இலேசாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் இடையே நிலம் வரும். அங்கே இறங்கி, கனூவைத் தலைகீழாகத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். மூட்டை முடிச்சுக்கு இன்னொரு நடை. இந்தத் தூக்குப்பாதைகளை 'போர்ட்டேஜ்' என்கிறார்கள். எங்கே இறங்குவது என்பதைக் கரையில் மஞ்சள் பலகை காட்டும். தங்கும் இடத்தைச் செம்மஞ்சள் பலகை காட்டும். கனூ ஏரியிலிருந்து ஜோ ஏரிக்குப் போகும் முதல் தூக்குப்பாதை 300 மீற்றருக்குள்தான். கிலோமீற்றர் கணக்கில் நீள்பவையும் இருக்கின்றன. எத்தனை கிலோமீற்றர் துடுப்பு வலிப்பது என்பதைவிட எத்தனை மீற்றர் தூக்குவது என்பதைப் பார்த்துத்தான் பயணத்தைத் திட்டமிடவேண்டும் என்பது தம்பியின் அறிவுரை. வயதானவர்களோடு போனால் இது இன்னும் முக்கியம்.

மேலும் சில தூக்குப்பாதைகள் தாண்டி, பேர்ண்ற் ஐலண்ட் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அகன்ற ஏரி. மதியம் தாண்டியதும் நடு ஏரியால் குறுக்கே போகத் தம்பி முயன்றான். சித்தப்பா மறுத்துவிட்டார். "காத்து மாறுது. கரையைப் பிடிச்சுப் போ." எனக்கு எந்தக் காற்றும் தெரியவில்லை. கால் மணித்தியாலத்தில் நடு ஏரியில் வெள்ளை நுரை கிளம்பியது. கரையோரமாக மெதுவாகப் போய் எங்கள் இடத்தைப் பிடித்தோம். பெரிய ஏரிகளைக் காலையிலேயே கடந்துவிடவேண்டும், பிற்பகலில் காற்றெழும் என்பது கனூக்காரர்களின் பால பாடம். சித்தப்பாவுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

தூண்டில்

இந்த ஏரிகளில் புரூக் ட்ரவுட், லேக் ட்ரவுட், சின்னவாய் பாஸ் ஆகியவை முக்கியமான மீன்கள். முதல் இரண்டும் பனிக்காலத்தின் எச்சம்போலக் குளிர்ந்த நீரில் மட்டும் வாழ்பவை. வெயில் காலத்தில் லேக் ட்ரவுட் ஆழத்துக்கு இறங்கிவிடும். பாஸ் இந்தக் காட்டுக்குச் சொந்தமானதல்ல. தூண்டில்காரரைக் கவர்வதற்காக நூறு வருடங்களுக்கு முன்பு கொண்டுவந்து விட்டது. ட்ரவுட் பிடிக்கும் காலம் செப்டெம்பர் 30உடன் முடியும்.

விதிகள் கடுமையானவை. வலை கூடாது. ஒருவருக்கு ஒரு தூண்டில். எந்த மீனை எத்தனை எடுக்கலாம் என்று எண்ணிக்கை இருக்கிறது. உயிருள்ள சிறு மீனை இரையாக வைத்திருப்பதே பூங்காவுக்குள் குற்றம். வேறு ஏரியிலிருந்து கொண்டுவந்த சிறுமீன் தப்பிப் பெருகினால், அந்த ஏரியின் ட்ரவுட் அழிந்துபோகும். புழு பாவிக்கலாம். சித்தப்பா இதை மட்டும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். "சரிதான். குளத்துக்குள்ளை வேறை மீன் விட்டால் பழைய மீன் நிக்காது."

இரண்டாம் நாள் விடியப்புறம் கரைப் பாறையிலிருந்து அவர் ஒரு பாஸ் பிடித்தார். ஒரு கிலோவுக்குக் கிட்டவரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு கத்தியை எடுத்துச் செதில் கழற்றத் தொடங்கினார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் களஞ்சியசாலையில் வேலைசெய்த கை அது. வேகம் குறைந்திருக்கவில்லை. மிளகாய்த்தூளும் தேசிக்காயும் போட்டு நெருப்பில் சுட்டோம். கழிவுகளைக் கூடாரத்துக்குத் தொலைவில் அப்புறப்படுத்தினோம்.

இரவு

முதல் இரவு எனக்கு நித்திரை வரவில்லை. குளிர் காரணமல்ல, கரடிப் பயமும் காரணமல்ல. கூடாரத்தின் சிப்பை இழுத்து மூடியதும் வந்த மணம். வெயில் பட்ட புதுத் துணியின் மணம். பதினாறு மாதம் அந்த மணத்துக்குள் வாழ்ந்திருக்கிறேன். நடுச்சாமத்தில் மழை பெய்தபோது, தண்ணீர் உள்ளே வருமா என்று கையால் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தேன். தண்ணீர் வரவில்லை. சிப்பைத் திறந்து வெளியே வந்தேன். யாரும் தடுக்கவில்லை. யாரும் டோர்ச் அடிக்கவில்லை. சித்தப்பாவும் பாறையில் இருந்தார். அவருக்கும் நித்திரை வரவில்லையாம்.

ஏரியில் ஒரு பறவை நீளமாக அழுதது. லூன் என்று பெயர். கனடாவின் ஒரு டொலர் நாணயத்தில் இருப்பது இந்தப் பறவைதான். 1987இல் அந்த நாணயம் வந்ததிலிருந்து சனம் நாணயத்தையே 'லூனி' என்கிறது. "இத்தனை வருசம் இதைக் காசிலை மட்டும்தான் பார்த்தனான்" என்றார் சித்தப்பா. பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"இவ்வளவு மீன், இவ்வளவு தண்ணி. இஞ்சை ஆர் இருந்தவை? அவை இப்ப எங்கை?"

அவர்கள் இப்போது எங்கே?

பூங்காவின் பெயரிலேயே பதில் இருக்கிறது. அல்கொன்குயின் என்பது ஒட்டாவா ஆற்றுப் படுகையின் பூர்வகுடி மக்களின் பெயர். பேர்ச் மரப்பட்டையால் கனூ கட்டி இந்த ஏரிகளில் போனவர்கள் அவர்கள். இன்று நாங்கள் நடக்கும் தூக்குப்பாதைகளில் பல அவர்கள் கால்பட்டு உருவானவை.

தங்கள் நிலத்தை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தத்திலும் அவர்கள் கையெழுத்திடவில்லை. 1772இலிருந்து ஆட்சியாளர்களுக்கு மனு மேல் மனு அனுப்பினார்கள். அதற்கிடையில் மரக்கம்பனிகள் வந்து பெரிய வெள்ளைப் பைன் மரங்களை வெட்டிப் பிரித்தானியாவுக்கு அனுப்பின. 1873இல் கோல்டன் ஏரிக்கரையில் 1,561 ஏக்கர் மட்டும் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. 1893இல் பூங்கா வந்தது. வேட்டையும் பொறி வைப்பதும் தடைசெய்யப்பட்டன. தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடியவர்கள் ஒரே சட்டத்தால் களவு வேட்டைக்காரர் ஆனார்கள். மரம் வெட்டுவது மட்டும் நிற்கவில்லை. இன்றும் பூங்காவின் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் வணிகரீதியாக மரம் தறிக்க அனுமதி இருக்கிறது. ஒன்ராறியோவின் மாகாணப் பூங்காக்களில் இப்படி அனுமதி உள்ளது இது ஒன்றில்தான்.

அந்த மக்களின் நில உரிமைக் கோரிக்கை பற்றிய பேச்சுவார்த்தை 1990களின் தொடக்கத்தில்தான் ஆரம்பித்தது. 2016 ஒக்டோபரில் கொள்கையளவிலான உடன்பாடு ஒன்று கையெழுத்தானது: 117,500 ஏக்கர் அரச காணியும் 300 மில்லியன் டொலரும். கோரிக்கைக்குரிய நிலப்பரப்போ சுமார் 36,000 சதுர கிலோமீற்றர். பூங்கா பூங்காவாகவே இருக்கும். அது இறுதி உடன்படிக்கையும் அல்ல. அதை ஏற்காத அல்கொன்குயின் சமூகங்களும் இருக்கின்றன.

இதே மாகாணத்தின் வடமேற்குப் பகுதியில் குவெற்றிக்கோ என்ற இன்னொரு ஏரிக்காடு உண்டு. அங்கே லாக் லா குரோவா மக்களின் உறவுகளுக்கு உடன்படிக்கைப்படி ஒதுக்கிய குடியிருப்பு நிலம் பூங்காவுக்குள் அகப்பட்டது. 1915இல் ஒன்ராறியோ அந்த ஒதுக்கீட்டையே இரத்துச் செய்தது. 1991இல் மாகாண அரசு அதற்காக மன்னிப்புக் கேட்டது. எழுபத்தாறு வருடங்கள்.

இதைப் படித்தபோது எனக்கு வேறெதுவும் நினைவுக்கு வராமல் இருக்க முடியவில்லை. சித்தப்பா தொழில் செய்த நந்திக்கடலும் பக்கத்து நாயாறும் 2017இல் வனஜீவராசிகள் திணைக்களத்தின் கீழ் இயற்கை ஒதுக்கிடங்களாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. நந்திக்கடலில் பறவைகள் இருக்கின்றன, பாதுகாக்க வேண்டிய சதுப்பு நிலம் இருக்கிறது, உண்மை. ஆனால் அங்கே வலை வீசிய மனிதர்களும் இருக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். கனடாக் கதையை எங்கள் கதையாக்குவது அந்த மக்களுக்கும் நியாயமில்லை. அவர்களுடைய நிலத்தில் வீடு வாங்கி வாழ்பவர்களில் எங்கள் உறவுகளும் அடக்கம். ஆனாலும் ஒரு விடயம் இரண்டு இடத்துக்கும் பொது. காட்டையும் தண்ணீரையும் காப்பாற்றவேண்டும் என்று எழுதும் சட்டம், அதை ஏற்கெனவே பாவித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்காமல் எழுதப்பட்டால், அதைச் சரிசெய்ய நூறு வருடமும் போதாமல் போகலாம்.

சித்தப்பாவுக்கு இவ்வளவையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப எங்கடை பாஸை ஆர் தந்திருக்க வேணும்?" என்றார். தம்பி இந்தமுறை சிரிக்கவில்லை.

திரும்பும்போது

போக நினைப்பவர்களுக்குக் கடைசியாகச் சில வார்த்தைகள். முதற்தடவை என்றால் ஓரிரு இரவுகள், சிறிய ஏரி, குறைந்த தூக்குப்பாதை போதும். கனூவும் கூடாரமும் வாடகைக்குக் கிடைக்கும். நெருப்பு மூட்டுவது அதற்கென உள்ள கல்லடுப்பில் மட்டும். வரட்சிக் காலத்தில் நெருப்புத் தடை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் காட்டுக்குள் கொஞ்சத் தூரத்தில் மூடி போட்ட மரப்பெட்டிக் கழிப்பறை இருக்கும். கொண்டுபோன குப்பை முழுவதையும் திரும்பக் கொண்டுவாருங்கள். கூடாரம் என்ற சொல்லே வீட்டில் யாருக்காவது பாரமாக இருந்தால், வற்புறுத்தாதீர்கள். சித்தி வர மறுத்துவிட்டார். அது அவருடைய உரிமை. பகல் மட்டும் கனூ எடுத்துவிட்டு மாலையில் திரும்புவதற்கும் வசதி இருக்கிறது.

காரடிக்கு வந்ததும் சித்தப்பா முதலில் செய்தது ஒரு டின்மீனை உடைத்ததுதான். பாணோடு சாப்பிட்டோம். ஹன்ற்ஸ்வில் நகரத்தை நெருங்கும்போது சமிக்ஞை வந்தது. முல்லைத்தீவில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தாலும் அம்மா முழித்திருந்தார்.

"நித்திரை வந்ததே?" என்று கேட்டார்.

முதல் இரண்டு இரவும் வரவில்லை என்றேன். மூன்றாம் இரவு வந்தது.